மடியில் ஓர் ஓவன் கதவு

1

இந்தக் கதை எனக்குப் பேருந்தில் கிடைத்தது. திண்டிவனத்தில் ஒரு வேலையை முடித்துவிட்டு விழுப்புரத்துக்குத் திரும்பிக்கொண்டிருந்தேன். நடைபாதைக்கு அந்தப் பக்கத்து இருக்கையில் ஒரு பெண். மடியில் பழைய லுங்கியால் சுற்றிய பலகை மாதிரி ஒன்று. வண்டி குலுங்கியதில் லுங்கி விலகிக் கண்ணாடி தெரிந்தது. ஏதோ படம் என்று நினைத்தேன்.

"போட்டோவாம்மா?"

"இல்லீங்க, ஓவன் கதவு. ஹேண்டில் ஒடஞ்சிட்ச்சி. கடையில கேட்டா பழச எடுத்துக்கினு வான்றாங்க. பழச எங்கூட்டுக்காரு குப்பையில போட்டுட்டாரு. அதான் கதவையே கழட்டி எடுத்துக்கினு வந்துட்டேன்."

அவ்வளவுதான் பேச்சு. புது பஸ் ஸ்டாண்டில் இறங்கி, கதவை இடுப்பில் குழந்தை மாதிரி வைத்துக்கொண்டு கூட்டத்தில் போய்விட்டார். பெயர்கூடக் கேட்கவில்லை. இதற்கு மேல் நீங்கள் படிக்கப்போவது எல்லாம் என் கைவரிசை.

(நம் ஊர்க் கடைகளைப் பற்றித் தெரியாதவர்களுக்கு: இங்கே எந்தச் சாமானுக்கும் பெயர், எண், அளவு எதுவும் செல்லாது. பழசைக் கொண்டுபோய்க் காட்ட வேண்டும். பழசு இல்லையென்றால் புதுசு இல்லை. குழாய் வாஷருக்கும் இதே சட்டம்தான்.)

2

எப்படித் தொடங்குவது என்று மூன்று முறை முட்டிக்கொண்டேன்.

முதலாவது: "அந்தக் கதவு, இதுவரை திறக்கப்படாத அவளுடைய வாழ்வின்..."

வேண்டாம். கதவு என்று எழுதினாலே இப்படி ஒரு வாக்கியம் அழைக்காமல் வந்து உட்கார்ந்துகொள்கிறது. துரத்திவிட்டேன்.

இரண்டாவது: "கெடார் பக்கத்து மல்லாட்டைக் கொல்லைகளின் மேல் பனி இறங்கிக்கொண்டிருந்த அந்த அதிகாலையில்..."

எழுதும்போது நன்றாகத்தான் இருந்தது. ஆனால் ஓவன் கதைக்குள் வேர்க்கடலைக் கொல்லை எதற்கு? பேருந்து கெடார் பக்கம் போகவும் இல்லை.

மூன்றாவதை வைத்துக்கொள்வோம்.

3

போன கிறிஸ்துமஸுக்கு ஆரோக்கியசெல்வி செய்த கேக் நடுவில் அமுங்கிவிட்டது.

ஆரோக்கியசெல்வி என்பது பேருந்துப் பெண்ணுக்கு நான் வைத்த பெயர். பேருந்தில் பார்த்தவரை 'அவர்' என்கிறேன், நான் உண்டாக்கியவளை 'அவள்' என்கிறேன். இந்த உரிமையை யார் கொடுத்தார்கள் என்று கேட்காதீர்கள்.

செல்விக்குத் திண்டிவனத்தில் வீடு. கணவன் தேவா லோடு ஆட்டோ ஓட்டுகிறான். மேஜை மேல் வைக்கிற சின்ன ஓவன் ஒன்று வாங்கி, தெருப் பிள்ளைகளின் பிறந்தநாளுக்குக் கேக் செய்துகொண்டிருந்தாள். நன்றாகவே வந்தது. சொந்தபந்தமெல்லாம் கூடிய கிறிஸ்துமஸ் அன்று பார்த்து அமுங்கியது. "கெணத்து கேக்கு" என்று பெயர் வைத்தார்கள். "தண்ணி ஊறுதா செல்வி?" என்று ஒரு பெரியப்பா கேட்டார். அதன்பிறகு எந்த விசேஷத்துக்குப் போனாலும் அவளிடம் யாராவது கிணற்றை விசாரித்தார்கள்.

அமுங்கியதற்குக் காரணம், கைப்பிடி ஆடி ஆடிக் கதவு சரியாகச் சாத்தாமல் போனது என்பது செல்வியின் கட்சி. பொறுமையில்லாமல் பாதியில் திறந்து பார்த்தாள் என்பது தேவாவின் கட்சி.

இப்போது தங்கை பிரின்சிக்கு நிச்சயதார்த்தம், வருகிற ஞாயிற்றுக்கிழமை. மாப்பிள்ளை வீட்டார் உட்கார்ந்திருக்கும்போதே பிரின்சி சொல்லிவிட்டாள்: "எங்கக்கா செய்ற கேக்கத்தான் வெட்டுவேன்." மாப்பிள்ளை வீட்டார் சிரித்தார்கள். பெண் வீட்டார் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். செல்வி சமையற்கட்டுக்குள் போய் அழுதாள். அந்த வாரமே, ஆடிக்கொண்டிருந்த கைப்பிடி கையோடு வந்துவிட்டது.

ஆபத்தில் இருப்பது இதுதான். யாருடைய உயிரும் இல்லை, ஒரு கேக். ஆனால் தங்கை எல்லார் முன்னாலும் அக்காவுக்காக வாக்குக் கொடுத்திருக்கிறாள். இந்த முறை அமுங்கினால் அவளுக்கும் சேர்த்துத்தான் தலைகுனிவு.

4

தேவாவைப் பற்றி எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

கதைக்கு ஒரு வில்லன் வேண்டுமே என்று இப்படி எழுதியிருந்தேன்:

"பேஜாரு புடிச்ச வேல இது. பேக்கரில சொல்லிட்டா ஜல்தியா முடிஞ்சிடும். உனுக்கு எதுக்கு இந்த..."

எழுதிவிட்டுத் திரும்பப் படித்தால், அவன் பேசுவது எல்லாக் கதைகளிலும் கணவன்மார் பேசுவதுதான். உடைந்த கைப்பிடியைக் குப்பையில் போட்டவன் கெட்டவனாகத்தான் இருக்க வேண்டுமா? வீட்டைச் சுத்தம் செய்தவனாகவும் இருக்கலாம். தேவாவை ஓர் ஓரமாக நிறுத்தி வைத்திருக்கிறேன். தேவைப்படும்போது கூப்பிடுவோம்.

5

திண்டிவனத்தில் கிடைக்காமல் செல்வி விழுப்புரம் வந்தாள். ஹார்டுவேர் கடையில் கதவைக் காட்டினாள். பீரோ கைப்பிடி குட்டையாக இருந்தது. கேட் கைப்பிடி நீளமாக இருந்தது. குக்கர் கைப்பிடிக்கு ஒரே துளை. கடைக்காரர் கதவைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "சாம்பிள் கேட்டா வூட்டையே பேத்துக்கினு வந்துட்டியேம்மா" என்றார்.

(ஒரு ரகசியம். துளைகளுக்கு நடுவே எவ்வளவு தூரம் என்பதை முடிவுசெய்வது நான்தான். ஒரு விரற்கடை குறைத்திருந்தால் முதல் கடையிலேயே வேலை முடிந்து, செல்வி டீ குடித்துவிட்டுப் பஸ் ஏறியிருப்பாள். குறைக்கவில்லை. அவளை அலையவிட்டதற்கு நான் பொறுப்பு.)

"சவுரிராயன் கடையில பாரு. அவருகிட்ட எல்லா நீளத்துலயும் இருக்கும்," என்றார் அவர்.

போய்ப் பார்த்தால், சவப்பெட்டிக் கடை.

வாசலிலேயே நின்றவளிடமிருந்து சவுரிராயன் கதவை வாங்கினார். உள்ளே போய், பளபளவென்று ஓர் இரும்புக் கைப்பிடியை எடுத்துவந்து வைத்தார். துளைக்குத் துளை அப்படியே உட்கார்ந்தது.

"இது பெட்டிக்குப் போடறதாச்சே, அண்ணே."

"ஆமாம்மா. எங்கிட்ட வேற எது இருக்கும்?"

"தங்கச்சி நிச்சயதார்த்தத்துக்குக் கேக்கு செய்யணும்."

சவுரிராயன் கொஞ்சம் யோசித்தார். "இது புதுசு. இதுவரிக்கும் எதுலயும் போடல. இதுக்கு என்னா தெரியும், கேக்கா பெட்டியான்னு? ஆனா இரும்பு, சூடாவும். துணி புடிச்சிக்கினு தொற."

செல்வி கைப்பிடியை வாங்கிக் கதவோடு லுங்கியில் சுற்றினாள். படியிறங்கும்போது, பழக்கத்தில் வாய் சொல்லிவிட்டது:

"வர்றேண்ணே."

சவுரிராயன் பதறி எழுந்தார். "ஐயோ, இங்க அப்படிச் சொல்லாதம்மா! நானே யாரையும் வாங்கன்னு கூப்பிட மாட்டேன். போறேன்னு சொல்லிட்டுப் போ."

எந்த வீட்டிலிருந்து கிளம்பினாலும் "போறேன்" என்று சொல்லக்கூடாது என்றுதான் செல்வியை வளர்த்திருந்தார்கள். சொல்ல வாய் வரவில்லை. பஸ் ஸ்டாண்டு வரைக்கும் திரும்பிப் பார்க்காமல் நடந்தாள்.

6

இதுவரைக்கும் எழுதியதை ஆர்த்தி படித்தாள். ஆர்த்தி என் மனைவி. எங்கள் வீட்டில் ஓவன் கிடையாது, ஆனால் அவளுக்குக் கருத்து உண்டு.

"கதன்னா ஒரு சாவு இல்லாம உனுக்கு முடியாதா? அந்தப் பொண்ணு பாவம் ஹேண்டில் வாங்க வந்துது. சவப்பொட்டிக் கடைக்கு எதுக்கு இட்டுக்கினு போன?"

"யாரும் சாகலியே."

"வர்றேன்னு சொல்ல வச்சிட்டல்ல? இனிமே பஸ்ஸ கவுத்துடுவ."

உண்மையில் ஏழாம் பகுதி இப்படித்தான் தொடங்கியிருந்தது: "கூட்டேரிப்பட்டு தாண்டியதும் எதிரே வந்த லாரி..."

அடித்துவிட்டேன். உங்களுக்கும் சொல்லிவிடுகிறேன், இந்தக் கதையில் யாரும் சாக மாட்டார்கள். லாரி தன் பாட்டுக்குப் போய்விட்டது. செல்வி திண்டிவனத்தில் பத்திரமாக இறங்கினாள். ஆனால் வழி முழுக்கப் பயந்துகொண்டே வந்தாள். அதை என்னால் அடிக்க முடியவில்லை.

7

தேவாவைக் கூப்பிடும் நேரம் வந்துவிட்டது.

அவன் கதவைத் தொடையில் சாய்த்து வைத்துக்கொண்டு, ஸ்க்ரூவை முடுக்கினான். பின்பக்கம் நட்டை விரலால் அமுக்கிப் பிடித்துக்கொண்டு செல்வி உட்கார்ந்திருந்தாள். எங்கே வாங்கினாள் என்று அவள் சொல்லவில்லை. பீரோ கைப்பிடி என்று ஒரு பொய்யை அவளுக்காகத் தயார் செய்து வைத்திருந்தேன்.

இரண்டாவது ஸ்க்ரூவில் தேவாவின் கை நின்றது. கைப்பிடியை மூடிப் பிடித்தான். விட்டான். மறுபடி பிடித்தான்.

"சவுரிராயன் கடையா?"

செல்வி ஆமென்று தலையை ஆட்டினாள்.

இந்த இடத்தில் அவன் கத்துவதாகத்தான் எழுத நினைத்தேன். "நல்ல காரியத்துக்கு இதயா..." என்று ஒரு வரி தொடங்கியும் விட்டேன். அவன் அதைச் சொல்லவில்லை.

"எங்கப்பா பொட்டிக்கு இதான். முன்னாடி வலது பக்கம் நான் புடிச்சேன்."

செல்விக்குக் கண் கலங்கிவிட்டது. "கழட்டிடுங்க. பேக்கரிலயே சொல்லிடலாம்."

"எதுக்குக் கழட்டணும்? எங்கப்பா என்னா வெயிட்டு, தெரியும்ல? ஆறு பேரு தூக்கினோம். இது அசையல." மீதி ஸ்க்ரூவை முடுக்கினான். "உன் கேக்க தாங்காதா?"

இவனையா வில்லனாக்கப் பார்த்தேன்?

8

முடிவு.

ஒன்று: கேக் பஞ்சு மாதிரி எழும்புகிறது, எல்லாரும் பாராட்டுகிறார்கள், பெரியப்பா வெட்கப்படுகிறார். (ஆர்த்திக்கு இது பிடித்திருக்கிறது.)

இரண்டு: கேக் அமுங்குகிறது, பிரின்சி அந்தப் பள்ளம் நிறைய கிரீமைக் கொட்டி, "எங்கக்கா கெணறு, எனக்குத்தான்" என்று கட்டிக்கொள்கிறாள். (எனக்கு இது பிடித்திருக்கிறது. அழுதுவிடுவேன் என்பதால் எழுதவில்லை.)

மூன்று: கைப்பிடி எங்கிருந்து வந்தது என்று மாப்பிள்ளை வீட்டில் யாரோ கண்டுபிடித்து... (வேண்டாம்.)

இப்போது நடப்பதை மட்டும் சொல்கிறேன். சனிக்கிழமை. கதவு சப்தமில்லாமல், இடைவெளி இல்லாமல் சாத்தியிருக்கிறது. உள்ளே விளக்கு ஃபியூஸ், கண்ணாடியும் பழுப்பேறியது, ஒன்றும் தெரியாது. வெண்ணெய் மணம் தெரு வரை வந்துவிட்டது. தேவா நாற்காலியைத் திருப்பிப்போட்டு உட்கார்ந்து ஓவனையே பார்த்துக்கொண்டிருக்கிறான். செல்வி கரித்துணியை மடித்துக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறாள்.

"தொறந்து பாக்கலாமா?" என்று கேட்கிறான், அவளைக் குற்றம் சொன்ன அதே தேவா.

"மூச்சு விடாதீங்க. பாதியில தொறந்தா அமுங்கிடும்."

வாசகரே, கைப்பிடி உங்கள் பக்கம்தான் இருக்கிறது. துணியை நீங்களே வாங்கிக்கொள்ளுங்கள். சூடாக இருக்கும். ஆனால் இப்போதே இழுத்துவிடாதீர்கள். வெந்துகொண்டிருக்கிறது. அவளோடு கொஞ்ச நேரம் நில்லுங்கள்.

நான் கிளம்புகிறேன். வர்றேன்.