இரண்டு விரல்

பெஞ்சைத் தூக்கி வாசலில் போட்டாயிற்று. குளிப்பாட்டத் தண்ணீரும் வந்துவிட்டது. இனி அப்பாவின் சட்டையைக் கழற்ற வேண்டியதுதான் பாக்கி. கவிப்பிரியா திண்ணைத் தூணோடு ஒட்டி நின்றாள்.

காலையில் பல் தேய்த்துக்கொண்டிருந்த வீரமணி அப்படியே சரிந்தார். ஆம்புலன்ஸ் தருமபுரி போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. மாரடைப்பு என்று டாக்டர் சொன்னார். காரிமங்கலமே நம்பியது, பெற்ற மகள் மட்டும் நம்பவில்லை. அந்தச் சட்டைக்குள் இடது மார்புக்குக் கீழே பந்து பட்ட தடம் இருக்கிறது. பந்தை எறிந்தவள் அவள்.

வீரமணி ஒரு காலத்தில் மாநில பேஸ்பால் அணிக்குப் பந்து எறிந்தவர். ஊரில் பாதிப் பேருக்கு அது என்ன விளையாட்டு என்றே தெரியாது. கிரிக்கெட்டா என்று கேட்பார்கள். இவரும் சளைக்காமல் ஆமாம் என்பார். ஒன்பது வருடம் எறிந்து தோள் போனதும் ஒரு பள்ளியில் கோச் ஆனார். எறிந்தவர் குந்தி உட்கார்ந்து பிடிக்கிறவரானார். திட்ட வாயைத் திறந்தால் சிரிப்பு வந்துவிடும், அப்படி ஒரு கோச். மகள் மாநில அணித் தேர்வுக்குப் போகிறாள் என்றதும் சாயங்காலமெல்லாம் அவளோடு மைதானத்தில்தான்.

பிடிக்கிறவர் விரல் காட்டுவார். ஒன்று என்றால் நேராக, வேகமாக. இரண்டு என்றால் மெதுவாக வளைந்து இறங்கும் பந்து. எறிகிறவள் அதை மீறவே கூடாது. நேற்று அவர் இரண்டு காட்டினார். அவளுக்கு வளைத்து வளைத்து அலுத்துவிட்டது. என் வேகத்தைத்தான் பார்க்கட்டுமே என்று முழுப்பலத்தோடு நேராக விட்டாள். நெஞ்சுக் கவசம் பள்ளியில் பூட்டிக் கிடந்தது. அடி விழுந்த சத்தம் அவளுக்கே கேட்டது. அவர் எழுந்து நிற்க ஐந்து நிமிடம் ஆயிற்று.

“ஒண்ணுமில்ல பாப்பா. வா, வூட்டுக்குப் போலாம்” என்றார்.

ஒன்றுமில்லை என்றே அவளும் எடுத்துக்கொண்டாள், பாவி. ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை.

பெரியப்பா சின்னராஜ் பொத்தான்களைக் கழற்றத் தொடங்கினார். எங்காவது ஓடிவிடலாம் போலிருந்தது அவளுக்கு.

“ஏம்மா பானு, இது என்னா நெஞ்சுல?”

கூட்டம் எட்டிப் பார்த்தது. உள்ளங்கை அகலத்துக்குக் கன்றிப்போயிருந்தது. அதன்மேல் காய்ந்த மஞ்சள் பற்று.

“பந்து பட்டதுங்க மாமா” என்றாள் அம்மா பானுமதி. “நேத்து நாந்தான் மஞ்ச அரைச்சுப் போட்டன்.”

“யாரு போட்ட பந்து?”

கவிப்பிரியா அம்மாவின் வாயையே பார்த்தாள். கொன்றவள் இவள்தான் என்று இத்தனை பேருக்கும் இப்போது தெரிந்துவிடப் போகிறது.

“பாப்பா போட்டதுதாங்க. அவ மேல தப்பில்ல. ரெண்டு காட்டறதுக்கு ஒண்ணு காட்டிட்டாராம். அவ சரியாத்தான் போட்டாளாம், இவருதான் புடிக்கல. புள்ளைய ஒண்ணும் கேக்காதன்னு திரும்பத் திரும்பச் சொன்னாரு.”

“வயசாச்சில்ல, தடுமாறியிருப்பான்” என்றார் பெரியப்பா. நாலு பேர் தலையாட்டினார்கள்.

அவள் பந்துக்குக் குந்தி உட்கார்ந்த இத்தனை நாளில் ஒரு தடவைகூட விரலை மாற்றிக் காட்டாத மனிதர். அது தெரிந்தவள் அங்கே ஒருத்திதான்.

“இல்லீங்க பெரிப்பா…”

அவள் குரல் அவளுக்கே கேட்கவில்லை. அம்மா நிமிர்ந்து அவளைப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். பிறகு சொம்பில் தண்ணீர் மொண்டு நீட்டினாள்.

“மொதல்ல நீ ஊத்து பாப்பா.”

அவள் ஊற்றினாள். மஞ்சள் கரைந்து பெஞ்சுக்காலில் வழிந்து மண்ணில் இறங்கியது. தடம் அப்படியே இருந்தது.