எறும்புக்கு ஒரு போர்வை

கார்களுக்கு உறை தைப்பது அவர் தொழில். தெருவுக்கே அவர் கவர்க்காரர். இருபத்திரண்டு வருடத்தில் டேப் பிடித்து அளந்த வண்டிகள் குறைவு. ஒருமுறை சுற்றி வந்து பார்ப்பார். அவ்வளவுதான். தைத்துக் கொண்டுபோய்ப் போட்டால் கச்சிதமாக உட்காரும்.

ஆறு மாதமாகக் கடை ஈயோட்டியது. புது வண்டியோடு உறையையும் சேர்த்தே கொடுத்துவிடுகிறார்கள். குழாய், பெயின்ட் கடை வைத்திருக்கும் மச்சினன் வந்து, "மாமா, பேசாம நம்ம கடைக்கு வந்துருங்க. குழாய் பக்கத்தை நீங்களே பாத்துக்கங்க" என்றான். மச்சினன் நல்லவன். அதுதான் தொல்லை. கெட்டவனாக இருந்தால் முடியாது என்று முகத்துக்கு நேரே சொல்லிவிடலாம்.

அந்த வாரம்தான் குதிரையேற்றப் பள்ளியிலிருந்து ஆள் வந்தது. ஒன்பது குதிரைகள். மழைக்கு முன்னால் ஒன்பது போர்வைகள். முதலில் ஒன்று தைத்துக் காட்ட வேண்டும்.

"குதிரையா?" என்றார்.

மனைவி தையல் இயந்திரத்திலிருந்து தலை தூக்கவில்லை. "அதுக்கும் முன்னாடி ரெண்டு, பின்னாடி ரெண்டு. கார் மாதிரிதாங்க."

"கார் உதைக்காது."

ஏழு வயதில் அவர் கண்ணெதிரே ஒரு வண்டிக்குதிரை பின்னங்காலை ஒரே ஒரு தடவை வீசியது. அப்பாவின் சைக்கிள் எட்டாக வளைந்துபோனது. அன்றிலிருந்து குதிரை வரும் தெருவில் அவர் நடந்ததில்லை.

"அப்ப குழாய் விக்கப் போறீங்களா?" என்றாள் மனைவி.

போனார். வேலிக்கு வெளியே இருபது அடி தள்ளி நின்றார். ஒன்பதில் பெரியதை முற்றத்தில் கட்டியிருந்தார்கள். கரிய பெண்குதிரை, கதவு உயரம். பெயர் எறும்பு.

"கிட்ட வாங்கண்ணே" என்றாள் லாயத்தைப் பார்த்துக்கொள்ளும் பெண்.

"வேண்டாம்மா. எட்ட நின்னு பாத்தாத்தான் எனக்கு அளவு பிடிபடும்."

நான்காம் நாள் போர்வையோடு வந்தார். லாயக்காரி அதை விரித்து எறும்பின் முதுகில் ஏற்றினாள். குதிரையின் கழுத்து மறைந்தது. காது மறைந்தது. முகமும் மறைந்தது. முன் பம்பரிலிருந்து பின் பம்பர் வரை எடுக்கிற பழக்கத்தில் கவர்க்காரர் மூக்கிலிருந்து வால் வரை தைத்திருந்தார்.

பட்டப்பகலில் திடீரென்று இருண்டால் யார்தான் சும்மா இருப்பார்கள்? எறும்பு பின்னுக்குப் பாய்ந்தது. தார்ப்பாய் படபடவென்று அடித்தது. அதில் இன்னும் மிரண்டு, போர்வையை உதறி, மிதித்து, முற்றத்தின் மூலைக்குப் போய் நின்றது. அதற்குள் கவர்க்காரர் சாலையைத் தாண்டியிருந்தார்.

பள்ளியை நடத்தும் டீச்சரம்மா போர்வையைப் பொறுக்கி எடுத்துத் திருப்பிப் பார்த்தார். பின்பக்கம் நடுவில், சதுரமாக, கண்ணாடி மாதிரியான பிளாஸ்டிக்கில் ஒரு ஜன்னல்.

"இது என்னங்க?"

கவர்க்காரர் திரும்பி வந்து வேலிக்கு மேலே எட்டிப் பார்த்தார். காது சிவந்துவிட்டது. "நம்பர் பிளேட் தெரியறதுக்கு. கை பழக்கம்மா."

லாயக்காரி சிரித்துச் சிரித்துத் தண்ணீர்த் தொட்டியைப் பிடித்துக்கொண்டாள். டீச்சரம்மா சிரிக்கவில்லை. சிரிப்பை அடக்குவது உதட்டில் தெரிந்தது.

"பத்து நாள் தர்றேன். கையால தொட்டு அளந்து தையுங்க. அப்புறம் நீங்களே எறும்புக்குப் போட்டுக் காட்டணும்."

"நானா?"

"மிரட்டினது நீங்கதானே? அது போட்டுக்கிட்டா ஒன்பதும் உங்களுக்கு. இல்லேன்னா நான் வேற ஆள் பாத்துக்கறேன்."

மறுநாள் காலை அவர் லாயத்தின் வாசல்வரை போனார். திரும்பி வந்துவிட்டார். அடுத்த நாள் உள்ளே போய், எறும்பின் கொட்டடிக்கு மூன்று கொட்டடி முன்னால் நின்றார். தூணைப் பிடித்துக்கொண்டார்.

"ஒண்ணும் பண்ணாதுண்ணே" என்றாள் லாயக்காரி.

"அது எனக்குத் தெரியுது. முழங்காலுக்குத் தெரியல."

மூன்றாம் நாள் லாயக்காரி தவிட்டு வாளியைக் கையில் கொடுத்தாள். "பின்னாடி போகாதீங்க. தோள் பக்கமா நில்லுங்க. வாளியை மட்டும் பிடிங்க, மத்ததை அது பாத்துக்கும்." எறும்பு தலையை வாளிக்குள் விட்டது. இரும்பு வழியாக அதன் மூச்சின் சூடு கைக்கு வந்தது. வாளி காலியாகும்வரை அவர் கண்ணைத் திறக்கவில்லை. காலியானதும் திறந்தார். கை இருந்தது.

நான்காம் நாள் அளக்கக் கொட்டடிக்குள் வந்தார். இடுப்பிலிருந்து ஸ்டீல் டேப்பை எடுத்துச் சர்ரென்று இழுத்தார். பாதியில் கை நழுவ, அது பளீரென்று உள்ளே சுருண்டது.

எறும்பு அந்தச் சுவருக்குப் பாய்ந்தது. கவர்க்காரர் இந்தச் சுவருக்குப் பாய்ந்தார். இருவரும் ஆளுக்கொரு சுவரில் ஒட்டி நின்று மூச்சு வாங்கினார்கள். குதிரையின் விலா ஏறி இறங்குவதை அவர் பார்த்தார். தோள் தோல் அலை அலையாக நடுங்கியது.

"என்னம்மா இது, இப்படி நடுங்குது?"

"பயம்ணே. அன்னிக்கு நடந்ததுல இருந்து எதைக் கொண்டுபோனாலும் இப்படித்தான்."

"என்னைப் பாத்தா பயம்?"

"ஏன், இதுக்கு முன்னாடி உங்களைப் பாத்து யாரும் பயந்ததில்லையா?"

யோசித்துப் பார்த்தார். வீட்டில்கூட நடந்ததில்லை.

அன்று அளக்காமலேயே திரும்பினார். கடையில் ஸ்டூலில் உட்கார்ந்து வெகுநேரம் தார்ப்பாயைக் கையில் கசக்கிக்கொண்டிருந்தார். சரசரவென்றது. கொக்கியை ஆட்டினார். கிலுங்கியது.

"என்னங்க பண்றீங்க?" என்றாள் மனைவி.

"அதுக்கு எது கேக்கும்னு பாக்கறேன்."

"குதிரைக்கா? உங்களுக்கா?"

"ரெண்டு பேருக்கும் ஒரே காதுதான்."

பயத்தைப் பற்றி அவருக்குத் தெரியாதது இல்லை. ஏழு வயதிலிருந்து முப்பத்தெட்டு வருட அனுபவம். திடீரென்று வந்தால் ஆகாது. பின்னால் வந்தால் ஆகாது. யாராவது சிரித்தால் அன்றைய நாள் முழுக்க வீண். தனக்கு ஆகாததையெல்லாம் வரிசையாக நினைத்துப் பார்த்தார். அதையெல்லாம் எறும்புக்குச் செய்யாமல் இருப்பதென்று முடிவெடுத்தார்.

தையல்காரர்கள் கழுத்தில் போடும் துணி டேப்பை மனைவியிடமிருந்து வாங்கினார். அதைக் குதிரையிடம் முதலில் மோக்கக் கொடுத்தார். ஒரு நுனி ஈரமாயிற்று. மார்பின் நடுவில் நுனியை வைத்து, விலாவோடு மெல்ல நடந்து, வால் தொடங்கும் இடம்வரை போனார். கை குதிரையைவிட்டு எடுபடவே இல்லை. எடுத்தால் மறுபடி வைக்கத் தைரியம் வராது என்று பயம். அதுவே சரியான முறை என்று லாயக்காரி சொன்னாள். கை உடம்பிலேயே இருந்தால்தான் ஆள் எங்கே இருக்கிறான் என்று குதிரைக்குத் தெரியுமாம்.

சரசரக்கும் துணியை விட்டார். மெழுகேற்றிய கனத்த பருத்தி எடுத்தார். உள்ளே கம்பளி வைத்தார். கொக்கிகளைத் துணியால் சுற்றித் தைத்தார். தைத்து மிஞ்சியதில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு துண்டு வெட்டி வாளியின் விளிம்பில் கட்டினார். மறுநாள் அதைவிடப் பெரிய துண்டு. அதற்கு மறுநாள் அந்தத் துண்டு எறும்பின் தோளில். அது தலையைத் திருப்பிப் பார்த்தது. தவிட்டுக்குத் திரும்பியது.

பத்தாம் நாள் மனைவி வந்தாள். மச்சினனும் வந்தான், குழாய்க்கடை வேலைக்கான சட்டையை வண்டியில் வைத்துக்கொண்டு. டீச்சரம்மா கைகட்டி நின்றார்.

"மாமா, ஜாக்கிரதை! குதிரை கீழ தள்ளினதும் இல்லாம குழியும் பறிச்சதாம்னு சொல்லுவாங்க!"

"மாப்ளே, வாயை மூடிக்கிட்டு நில்லு. அதுக்குச் சத்தம் ஆகாது."

மடித்த போர்வையைத் தோளில் வைத்து, பின்னுக்கு ஒவ்வொரு மடிப்பாகப் பிரித்தார். முதுகு மூடியது. காதும் கழுத்தும் வெளியே இருந்தன. மார்புப் பட்டையைப் பூட்டினார். இனி வயிற்றுப் பட்டை. அதற்குக் குனிய வேண்டும். குனிந்தால் தலை குதிரையின் வயிற்றுக்குக் கீழே போகும். பின்னங்கால் ஒரு முழத் தூரத்தில் இருக்கும்.

குனிந்தார்.

பட்டை கைக்கு வந்தபோது மச்சினனின் போன் அலறியது.

எறும்பின் உடம்பு முழுக்கக் கல்லானது. குளம்பு தரையில் ஒருமுறை தட்டியது. கவர்க்காரர் ஓடவில்லை. இடது கையை விலாவில் அழுத்தி வைத்துக்கொண்டார். "ஒண்ணுமில்ல. ஒண்ணுமில்ல. என் மச்சினன்தான். அவன் அப்படித்தான்" என்றார். கைக்கடியில் விலா ஏறியது. நின்றது. நீளமாக இறங்கியது. அவர் பட்டையைப் பூட்டி, வளைந்த முதுகோடு வெளியே வந்து நிமிர்ந்தார்.

எறும்பு உடம்பை ஒருமுறை சிலிர்த்துப் பார்த்தது. போர்வை நழுவவில்லை, சரசரக்கவில்லை. அது போய்ப் புல்லில் வாய் வைத்தது.

டீச்சரம்மா சுற்றி வந்து ஒவ்வொரு பட்டையாக இழுத்துப் பார்த்தார். "ஒன்பதும் உங்களுக்குத்தான்" என்றார்.

மச்சினன் ஓடிவந்து கையைப் பிடித்தான். "மாமா, கலக்கிட்டீங்க! அப்ப அந்தச் சட்டை?"

"நீயே போட்டுக்கடா."

மனைவி வேலிக்கு அந்தப் பக்கமே நின்றிருந்தாள். "உள்ள வா" என்றார். "இங்கேருந்தே நல்லாத் தெரியுது" என்றாள் அவள். கையோடு கொண்டுவந்திருந்த துணி டேப்பை மட்டும் வேலிக்கு மேலே நீட்டினாள்.

அவர் அதை வாங்கிக் கழுத்தில் போட்டுக்கொண்டார். லாயக்காரியைப் பார்த்து, "அடுத்தது யாரும்மா?" என்றார்.

"வெள்ளையன். ஆனா அது கொஞ்சம் கடிக்கும்ணே."

கவர்க்காரர் நின்றார். யோசித்தார்.

"எந்தப் பக்கமா?" என்று கேட்டுக்கொண்டே கொட்டடிப் பக்கம் நடந்தார்.