ஒரே மண், இரண்டு இரத்தம்

லென்ஸின் வெளிச்ச வட்டத்துக்குள் அது நெளிந்தபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மலப் பரிசோதனை செய்துகொண்டே சிரிக்கிற பெண் உலகத்திலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். உப்புநீரில் கரைத்த ஒரு துளி, அதன்மேல் மெல்லிய கண்ணாடிச் சில்லு, உள்ளே அரிசி கழுவிய நீரின் மங்கல். அந்த மங்கலுக்கு நடுவே நூலைவிட மெலிந்த ஓர் இளம்புழு, யாரோ பின்னாலிருந்து கூப்பிட்டதுபோலத் திரும்பி, வாலைச் சொடுக்கி, வட்டத்தைவிட்டு வெளியே போனது. மைக்ராஸ்கோப்பின் திருகைச் சுற்றி நானும் அதன் பின்னாலேயே போனேன். ஒரு கண்ணை மூடி மறு கண்ணால் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தால் அறை கரைந்துவிடும். நாற்காலி இருக்காது, மின்விசிறிச் சத்தம் இருக்காது. அலையில்லாத ஒரு வெளிர்க்கடலும் அதில் நீந்துகிற ஓர் உயிரும்தான் இருக்கும்.

மலம் வந்த டப்பாவின்மேல் ஒட்டியிருந்தது என் அண்ணனின் நோயாளி எண்.

அண்ணன் வெல்டர். பட்டறையில் அவனுக்குத் தீப்பொறி என்று பட்டப்பெயர். இரத்தத்தில் எச்.ஐ.வி. இருப்பதாகத் தெரிந்து, அண்ணிக்கும் குழந்தைக்கும் இல்லை என்று முடிவு வந்த அன்றே, நாலு துணியைப் பையில் திணித்துக்கொண்டு பட்டறையின் மாடி அறைக்குக் குடிபோய்விட்டான். யாரும் அவனைப் போகச் சொல்லவில்லை. தொட்டால் ஒட்டாது, ஒரே தட்டில் சாப்பிட்டாலும் ஒட்டாது, மாத்திரையை ஒழுங்காகப் போட்டால் எல்லாரையும்போல இருக்கலாம் என்று எங்கள் ஆஸ்பத்திரி டாக்டரம்மா சொன்னார். நானும் சொல்லிச் சொல்லி அலுத்தேன். நல்ல பிள்ளையாகத் தலையாட்டுவான், வீட்டுப் பக்கம் மட்டும் போகமாட்டான். "அவரு பயத்துக்கு நான் காவல் நிக்க முடியாது" என்று அண்ணியும் விட்டுவிட்டாள்.

அப்புறம் வயிற்றுப்போக்கு தொடங்கியது. நிற்பதுபோல் நிற்கும், மறுபடி போகும். ஆள் உளுத்த கட்டைபோல ஆகிவிட்டான். வைரஸ்தான் முற்றிவிட்டது, இனி மாத்திரை எதற்கு என்று தானாகவே முடிவுகட்டி நிறுத்தியும் விட்டான். அழுது அடம்பிடித்துத்தான் இந்த டப்பாவை அவனிடமிருந்து வாங்கினேன்.

போன் போட்டேன். "அண்ணா, பூச்சி!"

"எங்க?"

"உன் வயித்துல. அதனாலதான் இப்படிப் போகுது. மருந்து கொடுத்தா போயிடும்."

கீழே பட்டறையில் யாரோ இரும்பைத் தட்டும் சத்தம் கேட்டது. "ஏதோ நாய்க்குட்டி பொறந்த மாதிரி சொல்ற" என்றான். அவன் குரலில் சிரிப்பைக் கேட்டு வெகுகாலம் ஆகியிருந்தது.

டாக்டரம்மா என் அளவுக்குச் சந்தோஷப்படவில்லை. நான் போய் எடுத்துவந்த அண்ணன் இரத்தத்தின் கண்ணாடிப் பூச்சைத் தானே உட்கார்ந்து பார்த்தார். "புழு இவ்வளவு இருக்கு. இயோசினோஃபில் கண்ணுலயே படலையே" என்றார். புழு நுழைந்த உடம்பில் அந்த வெள்ளணுக்கள் பெருகும். சாயம் போட்டால் உள்ளே இளஞ்சிவப்பு மணிகள் நிரம்பியிருக்கும், மாதுளை முத்து மாதிரி. அண்ணனின் இரத்தம் ஆளில்லாத மைதானமாகக் கிடந்தது.

"ஊர் ரெண்டுபட்டா கூத்தாடிக்குக் கொண்டாட்டம்னு சொல்லுவாங்களே, அதுதான். வைரஸ் காவலைக் குறைச்சு வெச்சிருக்கு. புழு வந்ததையே உடம்பு சரியாக் கவனிக்கல. இப்படியே விட்டா சில பேருக்கு நுரையீரல் வரைக்கும் ஏறிடும். புழு மருந்து மட்டும் போதாது, உங்க அண்ணன் பழைய மாத்திரையையும் திரும்ப ஆரம்பிக்கணும். சொல்லிப் பாருங்க."

சொன்னேன். "பாக்கலாம்" என்றான். பார்க்கலாம் என்றால் மாட்டேன் என்று அர்த்தம்.

அந்த வாரத்திலேயே அண்ணி குழந்தையைக் கூட்டிக்கொண்டு வந்தாள். குழந்தையை வாலு என்றுதான் எல்லாரும் கூப்பிடுவோம். விடாத இருமல், இடுப்பைச் சுற்றி அரிப்பு. சொறிந்த இடத்தில் சிவப்பாக ஒரு கோடு, காலையில் ஓரிடத்திலும் மாலையில் வேறிடத்திலும் தெரிகிறதாம். இரத்தம் எடுத்தபோது அழாமல் என்னையே முறைத்துக்கொண்டிருந்தாள்.

பூச்சைக் காயவைத்து, சாயமிட்டு, லென்ஸுக்குக் கீழே வைத்தேன். எங்கே நகர்த்தினாலும் இளஞ்சிவப்பு. அணுவுக்குப் பக்கத்தில் அணு, மணி கொழித்துக்கொண்டு. அந்தச் சின்ன உடம்பு ஊரையே எழுப்பிவிட்டிருந்தது. அவள் மலத்திலும் அதே நெளிவு, அதே வால்சொடுக்கல். இரண்டு பேரின் கண்ணாடித் தகடுகளையும் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தேன். புழு ஒன்றுதான். ஒரு வீட்டில் அத்தனை விளக்கும் எரிகிறது, இன்னொன்றில் கதவு தட்டும் சத்தம் யார் காதிலும் விழவில்லை. மூக்கும் முழியும் அப்பனை உரித்து வைத்தவள், இரத்தத்தில் மட்டும் வேறு ஆளாக இருந்தாள்.

வெளியே வந்து அவள் முன்னால் குந்தினேன். இந்தப் புழு ஈரமண்ணிலிருந்து பாதத்தின் வழியாக ஏறுவது. "செருப்பு போடாம எங்கடி நடந்த?"

வாலு அம்மாவைப் பார்த்தாள். "அப்பா சொல்லக் கூடாதுன்னு சொல்லியிருக்காரு."

அவள் பின்னலைச் சரிசெய்துகொண்டிருந்த அண்ணியின் விரல்கள் நின்றன.

"ஸ்கூலுக்குப் பின்னாடி காலி மனை இருக்குல்ல அத்தை, குழாய் ஒடைஞ்சு தண்ணி ஓடுமே, அங்க. மத்தியானம் அப்பா வருவாரு. அந்த ஓரம் அவரு, இந்த ஓரம் நான். சேத்துல யாரு தடம் அழகுன்னு போட்டி."

அண்ணி பின்னலை முடித்துவிட்டு எழுந்தாள். மருந்தை வாங்கினாள். "ரெண்டு பேருக்கும் சேத்துக் குடு" என்றாள். நானும் கூடப் போனேன்.

மாடிப்படி இரும்பு. கீழே வெல்டிங் நடக்கும்போதெல்லாம் நீல ஒளி சுவரில் எழுந்து, எங்கள் மூவரின் நிழலையும் பெரிதாக்கி அணைந்தது. கதவு திறந்தே கிடந்தது. குழந்தையைப் பார்த்ததும் அண்ணன் கட்டிலிலிருந்து எழுந்து சுவரோடு போய் ஒட்டிக்கொண்டான்.

"இவளுக்கும் அதே பூச்சிதான்" என்றேன்.

அவன் முகம் வெளிறியது. "என்கிட்டேர்ந்தா?"

"மண்ணுலேர்ந்து. ஒனக்கும் மண்ணுலேர்ந்து, அவளுக்கும் மண்ணுலேர்ந்து. நீ ஒண்ணும் கொடுக்கல."

நம்புவதா வேண்டாமா என்று அவன் என்னைப் பார்த்தபடியே நின்றான். அண்ணி பானையிலிருந்து தண்ணீர் மொண்டாள். சண்டை வரும் என்று நினைத்தேன். அவள் டம்ளரைப் பார்த்துக்கொண்டே பேசினாள்.

"அவளப் பாக்க வந்திருக்கீங்க. ஸ்கூலுக்கும் வீட்டுக்கும் நடுவுல ரெண்டே தெரு. என்னப் பாக்க ஒரு நாள்கூட வரல."

நீல ஒளி வந்தது, போனது.

"உன்னப் பாத்துட்டா, திரும்பி இங்க வர முடியாதுன்னு இருந்துச்சு" என்றான் அண்ணன்.

அண்ணி டம்ளரை அவன் கையிலேயே கொடுத்தாள். "பழைய மாத்திரை எங்க?" அவன் அலமாரியைக் காட்டினான். தூசியைத் தட்டி டப்பாவை எடுத்துக்கொண்டு வந்து என்னிடம் நீட்டினாள். பழைய மாத்திரையை இதிலிருந்தே தொடங்கலாமா என்று டாக்டரம்மாவிடம் அங்கேயே போனில் கேட்டேன். இன்றைக்கே நேரில் வரட்டும் என்றார். மறுப்பான் என்று பார்த்தால், அண்ணன் சட்டையை மாட்டிக்கொண்டிருந்தான்.

"உள்ள இருக்கற புழு இப்ப என்ன பண்ணும்?" என்று வாலு கேட்டாள், தன் பங்கு மருந்தை விழுங்கிவிட்டு.

"மயங்கிப் போயிடும்."

"பாவம்" என்றாள்.

மழைக்காலம் பாதி கடந்தபோது மூவரும் மறுபரிசோதனைக்கு வந்தார்கள். அண்ணன் இன்னும் மாடி அறையில்தான் இருந்தான், சாப்பாட்டுக்கு மட்டும் வீட்டுக்குப் போய்வந்தான். அவன் துளியில் எதுவும் நெளியவில்லை. இரத்தப் பூச்சை ஓரம்முதல் ஓரம்வரை நகர்த்திக்கொண்டே போனேன். ஒரே ஓர் இளஞ்சிவப்பு அணு தட்டுப்பட்டது. அதற்கு அர்த்தம் உண்டா இல்லையா என்று எனக்குத் தெரியாது. பார்த்துக்கொண்டே இருந்தேன், அவ்வளவுதான்.

நிமிர்ந்தபோது ஜன்னலுக்கு வெளியே மழை. வாசலுக்கு அப்பால் மூவரும் போய்க்கொண்டிருந்தார்கள். காற்று அடித்து அண்ணியின் குடை மேல்நோக்கி மடங்கிவிட்டது. அண்ணன் அதை வாங்கி, நடைபாதையின் நடுவிலேயே நின்று, ஒவ்வொரு கம்பியாக விரலால் வளைத்து நிமிர்த்தத் தொடங்கினான். தலைக்கு மேலே கூரை தேடி ஜனங்கள் ஓடினார்கள். அண்ணி நகரவில்லை. முகத்தில் வழிகிற நீரைத் துடைக்காமல், அவன் விரல்களையே பார்த்தபடி நின்றாள். வாலு வாயைத் திறந்து மழையைக் குடித்துக்கொண்டிருந்தாள்.