மதிலோரத்து இடம்

அம்மா இறந்து ஏழு மணி நேரம் ஆகியிருந்தது. விரல்கள் விறைத்துவிட்டன. நோரா அவற்றை ஒவ்வொன்றாக நீவி, ஜெபமாலையைச் சுற்றிக்கொண்டிருந்தபோது சில்வெஸ்டர் சித்தப்பா சைக்கிளை வாசலில் சாய்த்துவிட்டு உள்ளே வந்தார்.

"ரெஜிமென்ட்ல ஒத்துக்கிட்டாங்க." அவருக்கு மூச்சு வாங்கியது. "கர்னல் துரையே ஆர்டர் போட்டுட்டாரு. புதுக் கல்லைத் தூக்கி, அண்ணன் குழியைத் திறந்து, அண்ணியையும் அதிலேயே வைக்கலாம். அண்ணி பேரையும் கல்லுல வெட்டித் தர்றாங்களாம்."

மௌரீன் சித்தி தலைமாட்டில் மெழுகுவத்தி ஏற்றிக்கொண்டிருந்தாள். "உயிரோட இருந்தப்போ ஒருத்தன் எட்டிப் பாக்கல. செத்தப்புறம் கல்லுல பேரு."

"நீ வாயை மூடு. எந்தப் பொம்பளைக்குக் கிடைக்கும் இந்த மரியாதை?"

நோராவின் அப்பா சுபேதார் அலெக்சாண்டர், முதல் உலகப் போரில் மெசபடோமியாவில் மெடல் வாங்கியவர். போர் முடிந்து ஊர் திரும்பிய சில வருடங்களில் மஞ்சள் காமாலையில் போனார். செங்கல் பெயர்ந்து புல் மண்டிக் கிடந்த அவர் கல்லறையை ரெஜிமென்ட் போன மாதம்தான் புதுப்பித்தது. சாம்பல் நிறக் கருங்கல், சுற்றிலும் இரும்புச் சங்கிலி. திறப்பு விழாவுக்கு அல்சூர் வீட்டிலிருந்து அம்மாவை ஜட்கா வண்டியில் அழைத்துப் போனார்கள். குண்டு மழைக்கு நடுவே அடிபட்ட இரண்டு பேரைத் தூக்கிக்கொண்டு அப்பா ஆற்றைக் கடந்ததை ஓர் அதிகாரி வாசித்தார். பியூகிள் ஊதினார்கள். அம்மா மாலையை வைத்தாள். எல்லோரும் டீ குடிக்கப் போனதும், மதிலோரம் இருந்த குழந்தைகள் வரிசைக்குத் தனியாக நடந்து போய், டென்சிலின் கல்லறையில் களை பிடுங்கினாள்.

டென்சில் நோராவின் தம்பி. இரண்டு வயதில் கிணற்றடியில் வழுக்கி விழுந்து இறந்தான் என்று குடும்பத்தில் சொல்வார்கள்.

திரும்பும் வழியில் அம்மா சொன்னாள்: "என்னை டென்சில் பக்கத்துல வைம்மா. அவரோட வேணாம்."

காரணம் சொல்லவில்லை. நோராவும் கேட்கவில்லை. அவளுக்குத் தெரியும். டென்சில் இறந்தபோது அவளுக்கு ஆறு வயது. அதைப் பற்றி அவர்கள் இருவரும் ஒரு நாளும் பேசியதில்லை.

"சித்தப்பா," என்றாள் இப்போது. "அம்மா டென்சில் பக்கத்துல இடம் கேட்டாங்க."

"காய்ச்சல்ல ஏதாவது உளறியிருப்பாங்க."

"காய்ச்சல் வர்றதுக்கு முன்னாடியே."

"குழந்தைங்க வரிசையில பெரியவங்களை வைப்பாங்களா? டீச்சர் பேசற பேச்சா இது?"

"மதிலோரம் இடம் இருக்கு. குழி வெட்டறவரைக் கேட்டேன்."

"புருஷன் குழி இருக்கறப்போ பொண்டாட்டியைத் தனியா வச்சா சனம் என்னம்மா பேசும்? துரைக்கு நான் என்ன பதில் சொல்றது?"

நோரா ஜெபமாலையை அம்மாவின் விரல்களில் சரிசெய்தாள். யார் முகத்தையும் பார்த்துப் பேச அவளுக்கு வராது. வகுப்பில்கூடக் கரும்பலகையைப் பார்த்தபடிதான் பாடம் நடத்துவாள்.

சாயங்காலம் கல்லறைத் தோட்டத்தில் புதுக் கல்லை உருளைக் கட்டைகள்மேல் நகர்த்தி வைத்திருந்தார்கள். சங்கிலி அவிழ்ந்து புல்லில் கிடந்தது. இரண்டு சிப்பாய்கள் விறைப்பாக நின்றார்கள். பழைய எலும்புகளை வெள்ளைத் துணியில் கட்டி, புதுப் பெட்டியின் கால்மாட்டில் வைப்பது வழக்கம். குழி வெட்டுகிறவர் உள்ளிருந்து மூட்டையை நீட்டினார்.

"பாத்துப்பா, பாத்து! சுபேதார் அவரு," என்று சித்தப்பா இரண்டு கைகளாலும் வாங்கிக்கொண்டார்.

பெட்டிக்கு அடியில் கயிறு போட்டார்கள். பங்குச் சாமியார் ஜெபப் புத்தகத்தைத் திறந்தார். நோரா முன்னால் வந்து பெட்டியின்மேல் கையை வைத்தாள்.

"இறக்காதீங்க."

கயிறு பிடித்தவர்கள் சித்தப்பாவைப் பார்த்தார்கள்.

"நோரா, மானத்தை வாங்காதே," அவர் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார். "வேணாம்னா ஒரு காரணம் இருக்கணும். சாமியார் நிக்கறாரு. சொல்லு, என்ன காரணம்?"

சாமியார் படிக்க வேண்டிய இடத்தில் விரலை வைத்தபடி காத்திருந்தார். சித்தப்பா மூட்டையை நெஞ்சோடு அணைத்திருந்தார். நோரா அவர் முகத்தைப் பார்த்தாள்.

"டென்சில் வழுக்கி விழல, சித்தப்பா. அழுகையை நிறுத்தலன்னு அப்பா அவன் காலைப் புடிச்சுச் சுவத்துல அடிச்சாரு."