வடிகட்டியில் நின்றவை

என் மனைவி ஒரு ராஜ்யத்தை ஆள்கிறாள். சாப்பாட்டு மேஜையின் ஒரு மூலையும் ஒரு பழைய மடிக்கணினியும்தான் அரண்மனை. குடிமக்களுக்குக் குறைச்சல் இல்லை, சில ஆயிரம் பேர் இருப்பார்கள். எல்லாருமே எங்களைப் போல, வலிப்பு வரும் குழந்தையைப் பெற்றுவிட்டுத் தூக்கத்தைத் தொலைத்தவர்கள். வலிப்பு வந்தால் எப்படிப் படுக்கவைப்பது, பள்ளிக்கூடத்தில் என்னவென்று சொல்லிவைப்பது, மருந்தைத் துப்பிவிட்டால் மறுபடி கொடுக்கலாமா என்றெல்லாம் ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்ள அவள் ஆரம்பித்த இணைய மன்றம் அது. வெளியில் அவளை யாருக்கும் தெரியாது. உள்ளே அவள் ‘அட்மின்’. அட்மின் சொன்னால் சொன்னதுதான்.

அந்த மன்றத்தின் செல்லப்பிள்ளை ஒருவர் உண்டு. ரேடியோ பழுது பார்ப்பவர். ‘ரேடியோ அப்பா’ என்ற பெயரில் எழுதுவார். எங்கள் ஊரிலேயே மறுகோடியில் இருக்கிறார், அவருடைய மகனுக்கும் இதே நோய். புதிதாக யாராவது அழுதுகொண்டு உள்ளே வந்தால் முதலில் ஓடிவந்து பேசுவது அவர்தான். மன்றம் ஆரம்பித்த புதிதில் ஒரு ராத்திரி எங்கள் பெண்ணுக்கு வலிப்பு நிற்காமல் வந்தபோது, முன்பின் தெரியாத எங்களோடு ஆம்புலன்ஸ் வரும் வரைக்கும் போனிலேயே இருந்தவர். கொஞ்ச நாளாக அவரைக் காணோம். “ரேடியோ அண்ணா சத்தமே இல்லையே, வேலை ஜாஸ்தியோ என்னவோ” என்று என் மனைவி குறைப்பட்டுக்கொண்டிருந்தாள்.

அட்மின் போட்ட சட்டங்களில் தலையாயது, மன்றத்தில் மருந்து கை மாறக் கூடாது என்பது. வேண்டும் என்று கேட்கவும் கூடாது, இருக்கிறது என்று சொல்லவும் கூடாது. காரணம் இல்லாமல் இல்லை. போன வருடம் எவனோ ஒரு பாவி உள்ளே புகுந்து போலி மருந்தை விற்றுவிட்டான். அதைக் குடித்த ஒரு குழந்தை பிழைத்ததே பெரிய விஷயம். அன்றைக்கு என் மனைவி சாப்பிடவில்லை. அதன் பிறகு உட்கார்ந்து, பதிவுகளைச் சலித்தெடுக்க என்னவோ ஒரு பில்டர், அதாவது வடிகட்டி, செய்தாள். அது எப்படி வேலை செய்கிறது என்று எனக்கு விளக்கவும் செய்தாள். நான் உம் கொட்டினேன். கல்யாணமான ஆண்களுக்குத் தெரியும், உம் கொட்டுவதற்கும் காதில் வாங்குவதற்கும் சம்பந்தம் கிடையாது.

இனி விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் மகளை வீட்டில் வாலு என்று கூப்பிடுவோம். நாற்காலியில் நேராக உட்கார்ந்து பார்த்ததில்லை. அந்த வால்தனம் முழுவதும் ஒரு சிரப்பின் தயவு. அதற்கு முன்னால் கொடுத்த ஒரு மருந்தில் உடம்பெல்லாம் தடித்துப் போயிற்று. இன்னொன்றில் நாளெல்லாம் தூங்கினாள், வலிப்பும் நிற்கவில்லை. இந்த சிரப் வந்த பிறகுதான் வீட்டில் சிரிப்புச் சத்தம் வந்தது. அதைச் செய்கிற ஆலை எங்கோ நின்றுவிட்டதாம். கடைகளில் சுத்தமாக இல்லை.

அந்தச் சனிக்கிழமை, கண்ணாடிக் கடையில் நான் பார்க்கும் வேலையை அப்படியே போட்டுவிட்டு, காலையிலிருந்து மருந்துக் கடை மருந்துக் கடையாக அலைந்தேன். சிலர் உதட்டைப் பிதுக்கினார்கள். சிலர் நான் வாயைத் திறப்பதற்கு முன்பே கையை விரித்தார்கள். மருத்துவமனையில், மருந்தை நிறுத்தவே கூடாது என்றார்கள். நிறுத்த வேண்டும் என்று நாங்களா வேண்டிக்கொண்டோம்? வலிப்பு வந்தால் உடனே கூட்டிக்கொண்டு வாருங்கள், பார்க்கலாம் என்றார்கள். வந்த பிறகு பார்ப்பதற்கு அது என்ன விருந்தாளியா?

மத்தியானம் வீட்டுக்குள் நுழைந்தபோது என் மனைவி பாட்டிலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“கிடைச்சுதா?”

“இல்ல. எவ்வளவு இருக்கு?”

“இன்னைக்குச் சாயந்தரத்துக்கு. நாளைக் காலைக்கு. அவ்வளவுதான்.”

உள் அறையில் வாலு கட்டிலிலிருந்து தரைக்குக் குதித்துக்கொண்டிருந்தாள். நாளை மறுநாள் அந்தச் சத்தம் குதித்த சத்தமா விழுந்த சத்தமா என்று ஓடிப்போய்ப் பார்க்க வேண்டியிருக்கும்.

“உன் மன்றத்துல அத்தனை பேர் இருக்காங்க. ஒரு வார்த்தை கேளேன்,” என்றேன்.

“கேக்க மாட்டேன்.”

“ஏன், வாய்ல இருக்கற முத்து உதிர்ந்துடுமா?”

“எத்தனை அம்மாங்கள கேக்கக் கூடாதுன்னு சொல்லியிருக்கேன். என் பொண்ணுக்குன்னு வந்ததும் நானே போய்க் கேக்கவா? நாளைக்கு இன்னொருத்தன் போலியைத் தூக்கிட்டு வருவான். அப்ப எந்த முகத்தோட தடுக்கறது?”

“முகத்தைப் பத்தி அப்புறம் பாத்துக்கலாம். பிள்ளைக்கு மருந்து வேணும்.”

“எனக்கு மட்டும் தெரியாதாங்க? நான் என்ன கல்லா?” அவள் குரல் உடைந்தது. “ரெண்டு நாளா சோறு இறங்கல எனக்கு.”

எனக்குக் கோபம் தலைக்கு ஏறிவிட்டது. மறைத்து வைத்திருந்ததைப் போட்டு உடைத்தேன்.

“நீ கேக்கலைன்னா என்ன? நான் கேட்டாச்சு. புதன்கிழமையே வேற ஒரு பேர்ல உள்ள சேர்ந்தேன். பொண்ணுக்கு மருந்து தீரப்போகுது, யார்கிட்டயாவது இருந்தா சொல்லுங்கன்னு கெஞ்சி எழுதினேன். ஒரு ஈ காக்கா எட்டிப் பாக்கல. இந்த ஜனங்களுக்காகவா நீ வருஷக்கணக்கா கண்ணைக் கெடுத்துக்கற? தூ!”

அவள் திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டவில்லை. “என்ன பேர்ல?” என்று மட்டும் கேட்டாள். சொன்னேன். மடிக்கணினியில் தேடினாள்.

“உங்க பதிவே இல்லையே.”

“இல்லையா? இதோ பாரு.” என் போனை அவள் முகத்துக்கு நேரே நீட்டினேன். நான் எழுதியது அங்கேதான் இருந்தது. கீழே பதில் என்று ஒன்றும் இல்லை.

அவள் போனையும் கணினியையும் அருகருகே வைத்துப் பார்த்தாள். என் திரையில் இருக்கிறது, அவள் திரையில் இல்லை. பேயறைந்த மாதிரி ஆகிவிட்டாள்.

“என்னாச்சு?”

“பில்டர்,” என்றாள். “நான் செஞ்ச பில்டர்.”

நான் உம் கொட்டியதை அப்போதுதான் முதல் முறையாகக் காதில் வாங்கினேன். மருந்தின் பெயரோ ‘சிரப்’ என்பதோ, கூடவே ‘வேண்டும்’, ‘இருக்கிறது’, ‘பாட்டில்’ மாதிரியான வார்த்தைகளும் ஒரு பதிவில் சேர்ந்து வந்தால் பில்டர் அதைப் பிடித்துக்கொள்ளும். ஆனால் எழுதியவருக்கு அது தெரியாது. தெரிந்தால் விற்கிறவன் வார்த்தையை மாற்றிக்கொண்டு மறுபடி வருவான் அல்லவா? அதனால் எழுதியவர் கண்ணுக்கு மட்டும் பதிவு வெளியானது போலவே தெரியும். மற்ற யார் கண்ணுக்கும் படாது. அப்படிச் சிக்கிய ஆள் அதன் பிறகு எதை எழுதினாலும், அதுவும் நேரே அங்கேதான் போகும். திருடனுக்கு வைத்த பொறி. அவளுக்கு அதில் பெருமை கூட உண்டு.

“பிடிச்சதை எல்லாம் எங்க போடும்?”

“ஒரு தொட்டி மாதிரி. ஆரம்பத்துல தினம் பாப்பேன். எல்லாம் அந்த விக்கற பயலுங்க குப்பைதான். அப்புறம் பாக்கறதில்ல.”

நன்றாக வேலை செய்கிற பொருளை யார் தினமும் திறந்து பார்ப்பார்கள்? கேட்க நியாயமாகத்தான் இருந்தது. திறந்தாள்.

விளம்பரக் குப்பைதான் முதலில் வந்தது. அதற்கு நடுவே ஓர் அம்மா, மகனுக்கு நாளையோடு மருந்து தீர்கிறது என்று எழுதியிருந்தாள். அதே அம்மா மறுநாள், யாராவது பதில் சொல்லுங்களேன் என்று எழுதியிருந்தாள். பிறகு வேறொருத்தி. பிறகு ஒரு மாமா, தங்கை மகளுக்காக. எல்லாரும் என்னைப் போலவே தங்கள் பதிவைத் தாங்களே பார்த்துக்கொண்டு, உலகமே கல்நெஞ்சம் என்று நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். என் மனைவி வாயைக் கையால் பொத்திக்கொண்டு கீழே இறக்கிக்கொண்டே போனாள். திடீரென்று கை நின்றது.

ரேடியோ அப்பா.

“நண்பர்களே, என் மகன் திங்கட்கிழமை போய்விட்டான். தூக்கத்திலேயே போய்விட்டான். வேறு எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. அவனுடைய சிரப் பிரிக்காத பாட்டில் இரண்டு இருக்கிறது. கிடைக்காமல் அலைகிறவர்கள் சொல்லுங்கள், நானே கொண்டுவந்து தருகிறேன்.”

அடுத்து: “யாருக்கும் வேண்டாமா? பரவாயில்லை. சும்மா ஒரு வார்த்தை பேசினாலும் போதும்.”

அதற்கும் அடுத்து: “உங்கள் வீட்டுக் குழந்தைகளுக்கு முடியாதபோதெல்லாம் நானும் கூட விழித்திருந்தேன். என் பிள்ளைக்கு ஓர் ஆறுதல் எழுத ஒருவருக்கும் கை வரவில்லை. நன்றாக இருங்கள்.”

அதோடு அவர் எழுதுவதை நிறுத்திவிட்டார். மூன்று வாரம் ஆகியிருந்தது.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். பிள்ளை போய்விட்டான் என்ற வரியைவிட, பிரிக்காத பாட்டில் இரண்டு என்ற வரிதான் என் கண்ணில் முதலில் பட்டது. அந்த நேரத்தில் நான் அப்படித்தான் இருந்தேன்.

என் மனைவி அவருக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தாள். நான் எதிரே நின்று ‘பாட்டில், பாட்டில்’ என்று வாயசைத்தேன். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

“அண்ணா, நான் அட்மின் பேசறேன்.”

“சொல்லுங்க,” என்றார். முன்பெல்லாம் ‘சொல்லும்மா’ என்பார்.

“அண்ணா, நீங்க எழுதினதை யாருமே பாக்கல. திருட்டுப் பசங்களைப் பிடிக்க நான் ஒரு ஏற்பாடு பண்ணி வச்சிருந்தேன். அது உங்களையும் சேத்து முழுங்கிடுச்சு. இப்ப, இந்த நிமிஷம்தான் நான் பாக்கறேன்.”

“யாருமேவா?”

“ஒருத்தர்கூட.”

“அப்ப... அவன் போனதே யாருக்கும் தெரியாதா?”

“தெரியாதுண்ணா. தெரிஞ்சிருந்தா இப்படி விட்டிருப்போமா?”

“அப்படியா,” என்றார். “அப்படியா, அப்படியா” என்று திரும்பத் திரும்பச் சொன்னார். பிறகு வாய்விட்டு அழுதார். என் மனைவியும் அழுதாள். என் கண் மட்டும் மேஜைமேல் இருந்த எங்கள் பாட்டிலை விட்டு நகரவில்லை.

“உங்க பதிவை இப்ப எல்லாரும் பாக்கற மாதிரி விடட்டுமாண்ணா?”

“விடும்மா,” என்றார்.

அவள் விட்டாள். மருந்தைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்கப்போவதும் இல்லை என்று தெரிந்தது. நான் போன்மேல் குனிந்தேன்.

“அண்ணா, நான் இவ வீட்டுக்காரர். கேக்கக் கூடாத நேரம்தான். மன்னிச்சுக்கோங்க. அந்த ரெண்டு பாட்டில்... எங்க பொண்ணுக்கு நாளைக் காலையோட தீருது.”

“ஐயோ,” என்றார் அவர். “ஊத்திட்டேனேப்பா! யாருக்கும் வேணாம் போலன்னு நெனச்சு போன வாரம்தான் ரெண்டையும் சிங்க்ல ஊத்தினேன்.”

உள்ளே வாலு குதித்தாள். மறுபடி குதித்தாள்.

“இருங்க,” என்றது போன். “இருங்க, வச்சிடாதீங்க.” நடக்கிற சத்தம், ஏதோ கதவு திறக்கிற சத்தம். “அவன் குடிச்சிட்டிருந்த பாட்டில் ஒண்ணு இருக்கு. பாதிக்கு மேல இருக்கும். அதை மட்டும் ஊத்த மனசு வரல. வாங்க. வந்து எடுத்துக்கோங்க.”

என் மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டு, மருந்தின் வீரியம் என்ன, தேதி என்ன என்று கேட்டாள். அவர் பாட்டிலில் ஒட்டியிருந்ததை முதல் வரியிலிருந்து படித்தார். மகன் பெயரைப் படித்தார், வயதைப் படித்தார், பிறகுதான் மருந்துக்கு வந்தார். அவள் மருத்துவமனை நர்ஸைப் போனில் கூப்பிட்டு எல்லாம் சரிதானா என்று உறுதி செய்துகொண்டாள். நான் செருப்பு மாட்டும்போது தொட்டியிலிருந்த அம்மாக்களை ஒவ்வொருவராகத் தேடி எழுத ஆரம்பித்திருந்தாள். பில்டரை நிறுத்திவிட்டு, நடந்த தப்பை எல்லாருக்கும் சொல்லி, கடைசியில் தன் பெண்ணுக்கும் மருந்து வேண்டும் என்று அட்மின் பெயரிலேயே எழுதினாள்.

ரேடியோ அப்பாவின் வீட்டில் முன்னறை முழுக்க வயிறு திறந்த ரேடியோக்கள். ஒன்றும் பாடவில்லை. மேஜைமேல் அவருடைய போன்தான் விடாமல் கத்திக்கொண்டிருந்தது. ஒரு செய்தி வந்து முடிவதற்குள் அடுத்தது.

“பஸ்ல நீங்க வர்ற நேரம் முழுக்க இப்படித்தான்,” என்றார். “எல்லாரும் அவனைப் பத்தி எழுதறாங்க.”

“படிச்சீங்களா அண்ணா?”

“அப்புறம் படிக்கறேன். சத்தம் கேட்டுட்டே இருக்கட்டும்.” சத்தத்தை உச்சத்தில் வைத்திருந்தார்.

அலமாரியிலிருந்து பாட்டிலை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். மத்தியானம் என் மனைவி பிடித்த அதே மாதிரி. “ஒரு வாரம் தாங்கும். அதுக்கப்புறம்?”

“தெரியலண்ணா.”

“கேளுங்க. விடாதீங்க, கேட்டுட்டே இருங்க. இனிமே காதுல விழும்.”

பாட்டிலை என் கையில் வைத்தார். ஆனால் தன் விரல்களை எடுக்கவில்லை. மூடியைச் சுற்றிச் சிரப் வழிந்து காய்ந்திருந்தது. அதில் ஒரு சின்ன விரல் ரேகை அப்படியே பதிந்திருந்தது.

“தீர்ந்ததும் பாட்டிலை மட்டும் திருப்பிக் குடுத்துடுவீங்களா?”

“கண்டிப்பா அண்ணா. நல்லா கழுவிக் கொண்டுவந்து...”

“கழுவாதீங்க,” என்றார்.