மாமியார் எழுந்திருக்கவில்லை

அன்று மழை பெய்ததாகத்தான் எனக்கு ஞாபகம். இல்லவே இல்லை, நல்ல வெயில் என்கிறாள் என் நாத்தனார். யார் சொல்வது சரியோ தெரியாது. அவள் பேசியது மட்டும் அப்படியே காதில் இருக்கிறது. வாய் ஓயாததால், நாங்கள் இருவரும் வேலை பார்த்த அலுவலகத்தில் அவளுக்கு வானொலி என்று பெயர்.

எங்கள் பொறுப்பில் இருந்தது பஸ் டிக்கெட் பதிவு செய்யும் சர்வர். பெரிய கணினி ஒன்றுக்குள் குடித்தனம் செய்யும் மெய்நிகர் கணினி, லினக்ஸில் ஓடுவது. பழசாகிவிட்டது, அப்கிரேட் செய்தே ஆகவேண்டும் என்று அடம்பிடித்தவள் அவள்தான். மேலாளர் நிபந்தனையோடு சம்மதித்தார். மதியத்துக்குள் பதிவு திறக்காவிட்டால் முன்பே எடுத்துவைத்த பழைய நகலுக்குத் திரும்பிவிட வேண்டும். அவளுடைய வேலையை நிரந்தரமாக்கும் பேச்சும் அதோடு சரி.

அப்கிரேட் வழுக்கிக்கொண்டு முடிந்தது. சர்வர் எழுந்தது. டிக்கெட் பக்கம் வரவில்லை.

"அண்ணி, யாரு மக்கர் பண்றது?"

"மாமியார்."

சர்வருக்குள் ஓடித் தரவுகளைக் காக்கும் நிரலுக்கு நான் வைத்த பெயர். அது எழாமல் மற்ற எதுவும் அசையாது.

"எங்கம்மாவ ஆபீஸ் வரைக்கும் இழுத்தா கோச்சுக்க மாட்டாங்களா?"

"உங்கம்மா இங்க மட்டுந்தான் தூங்கறாங்க."

மறுபடி தொடங்கினோம். திரை உறைந்து நின்றது, பிறகு சிவப்பாக ஒரு வரி. இன்னொரு முறை. அதே சிவப்பு. மேலாளர் எட்டிப் பார்த்தார். "நகலுக்குப் போயிடலாமா?"

"இன்னும் கொஞ்சம் சார்" என்றேன்.

வானொலி நின்றுபோனது. சர்வர் தன் போக்கில் எழுதிவைக்கும் குறிப்புகளை வரி வரியாகப் படிக்க ஆரம்பித்தேன்.

"இது நோயில்ல. யாருக்காகவோ காத்துக்கிட்டிருக்கு."

"யாருக்கு?"

"நெட்வொர்க் கார்டுக்கு. ஈத்-ஜீரோன்னு அதுக்குப் பேரு."

"கார்டு வேலை செய்யுதே! அது வழியாத்தானே உள்ள வந்திருக்கோம்?" சொல்லிக்கொண்டே கட்டளையைத் தட்டியவள் நாற்காலியை உதைத்துக்கொண்டு எழுந்தாள். "அண்ணி! பேரு மாறியிருக்கு! அப்கிரேட் அதுக்குப் புதுப் பேரு வச்சிருக்கு. ஆளு கூடத்துல உக்காந்திருக்கான், எங்கம்மா பழைய பேரச் சொல்லி வாசலையே பாத்துக்கிட்டிருக்காங்க!"

ஒரே ஒரு வார்த்தை. மாமியாரின் அமைப்புக் கோப்பில் பழைய பெயரை அழித்துப் புதியதை எழுதினாள். என்னை மறுபடி தொடங்கச் சொன்னாள்.

பச்சை.

அடுத்த வரியும் பச்சை. அதற்கடுத்ததும். டிக்கெட் பக்கம் விரிந்தது; யாரோ முகம் தெரியாதவர் ஜன்னலோர இருக்கை ஒன்றைப் பிடித்தார். வானொலி போட்ட கூச்சலில் மேலாளர் கையிலிருந்த தேநீரைச் சட்டையில் கொட்டிக்கொண்டார். "திறந்துடுச்சா?" என்றார், சட்டையைப் பார்க்காமலே. அவளை அப்படியே கட்டிக்கொண்டேன்.

அந்த மாதமே அவள் வேலை நிரந்தரமானது. இப்போது அந்தப் பிரிவுக்கு அவள்தான் தலைமை. மேலாளர் ஓய்வு பெற்றுவிட்டார். நான் வேறு நிறுவனத்துக்கு மாறிவிட்டேன். என் மாமியார் நலமாக இருக்கிறார்.