வெயிலில் வைத்த கீபோர்டு

அந்தக் கீபோர்டின் கெட்ட குணம் உச்சி வெயிலில்தான் வெளியே வந்தது.

மண்டபம் அகதிகள் முகாமில், தகரக் கூரைக்குக் கீழே உட்கார்ந்து ஜெயரூபன் அதைப் பழகிக்கொண்டிருந்தான். கல்யாணக் கச்சேரிகளுக்கு வாசிக்கிறவன். முன்பு வைத்திருந்தது உப்புக் காற்றில் துருப்பிடித்துச் செத்துப்போனதால், மதுரையில் ஒரு இசைக்குழுவிடமிருந்து பழையதாக இதை வாங்கி வந்திருந்தான்.

தாளத்தை ஓடவிட்டு வேகத்தைக் கூட்டினான். கூடியது. குறைக்கிற பொத்தானை அழுத்தினான். அசையவில்லை. மறுபடியும் அழுத்தினான். அது பாட்டுக்கு ஓடியது.

"அண்ணா, உதுக்குப் பேய் பிடிச்சிட்டுது," என்றாள் தங்கை நிருஷா. "மதுரைக்காரன் உன்ர முகத்தைப் பார்த்துத்தான் தலையில கட்டியிருக்கிறான்."

"வாயை மூடடி. சூடு ஏறினா அப்பிடிப் போல."

அவன் சொன்னது சரிதான். பொழுது சாய்ந்ததும் அந்தப் பொத்தான் ஒன்றும் நடக்காதது மாதிரி வேலை செய்தது.

கூடப் பழகப் பழக மற்றதும் தெரிந்தது. வயலின் பரவாயில்லை. நாதஸ்வரத்துக்குச் சளி பிடித்திருந்தது. மேல் கட்டைகளில் ஒன்று எப்போதும் அரைத் தூக்கத்தில் இருந்தது. ஆனால் உடுக்கை! கட்டையை மெல்லத் தொட்டால் முணுமுணுத்தது, ஓங்கி அடித்தால் அதட்டியது. ஓரத்துச் சக்கரத்தை உருட்டினால், நிஜ உடுக்கையின் இடுப்புக் கயிற்றை இறுக்கிப் பிடித்த மாதிரி குரல் ஏறி இறங்கியது. தானாக ஓடும் தாளத்துக்கு ஒரு ஸ்லைடர், கையால் வாசிப்பதற்கு ஒரு ஸ்லைடர் என்று சத்தத்தைத் தனித்தனியாகவும் வைத்துக்கொள்ளலாம்.

அந்த உடுக்கையின் புகழ் எப்படியோ உப்பூர்ப் பக்கம் போயிருந்தது. அங்கே ஒரு கிராமத்தின் திருவிழாக் கமிட்டிச் செயலாளர் ராமசுப்பிரமணியன் போன் செய்தார்.

"எங்க இருளப்பசாமிக்குப் படையல் தம்பி. மேளக்காரங்க வர முடியலன்னுட்டாங்க. ஒம் பொட்டிக்குள்ள உடுக்கை, பம்பை எல்லாம் இருக்காமே?"

"இருக்கு அண்ணே."

"சாமியாடி ஆடுற நேரத்துல கோளாறு ஏதும் வந்துராதுல்ல?"

ஜெயரூபன் ஒளிக்கவில்லை. "வெயில்ல மட்டும் வைக்கக் கூடாது அண்ணே. சூடாயிட்டா வேகத்தைக் கூட்டத்தான் ஏலும், குறைக்கேலாது."

கூட்ட மட்டுந்தான் முடியுமா என்று அவர் இன்னொரு தரம் கேட்டுத் தெரிந்துகொண்டார்.

"அப்படியா," என்றார் ராமசுப்பிரமணியன். "சாயங்காலந்தான் படையல். நீ காலையிலயே வந்துரு."

*

கோயில் ஊருக்கு வெளியே, அறுத்து முடித்த வயல்களுக்கு நடுவில் இருந்தது. பங்குனி வெயிலில் தரை வெடித்துக் கிடந்தது. சாமிக்கு முன்னால் தென்னங்கீற்றுப் பந்தல். அதற்குள் நிழலாக ஒரு மூலை பார்த்து, ஸ்டாண்டை விரித்துக் கீபோர்டை வைத்தான் ஜெயரூபன்.

ஒரு பெண் அவனைப் பந்தலுக்கு அப்பால் வேப்பமரத்தடிக்கு அழைத்துச் சொம்பில் மோர் கொடுத்தாள். சாமியாடி காளீஸ்வரனின் மனைவி முருகலட்சுமி. அவன் குடித்து முடிக்கும் வரை நின்றாள்.

"தம்பி, ஒரு விசயம். அவருக்கு நெஞ்சுல ஸ்டென்ட் வச்சிருக்கு. மாடிப்படி ஏறக் கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காரு."

"அப்ப ஏன் அக்கா ஆட விடுறீங்க?"

"நான் விட மாட்டேன்னா சாமி விடணும்ல? உசுரு இருக்கற வரைக்கும் அவருதான் ஆடணும், அதான் இங்கன வழக்கம். அவருக்கப்புறந்தான் பங்காளி ராமசுப்பு." அந்தப் பெயரைச் சொல்லும்போது குரல் தாழ்ந்தது. "மேளக்காரரு அவரு காலையே பாத்துக்கிட்டு அடிப்பாரு. மூச்சு வாங்குதுன்னு தெரிஞ்சா மெதுவா மெதுவா எறக்கிருவாரு. அடி எறங்கினா சாமியும் எறங்கும். நீயும் அப்படியே எறக்கிரு, ராசா."

"சரி அக்கா. அவருக்கு ஏலாட்டி உடனே நிறுத்திடுறன்."

"அய்யய்யோ! திடுதிப்புனு நிறுத்திறாத. பாதியில அறுத்தா ஆடுறவரு வெட்டுன மரமா விழுந்துருவாரு. பக்கத்தூர்ல கரண்டு போயி மைக்செட்டு நின்னுச்சு. விழுந்தவரு எந்திரிக்கவே இல்ல."

ஜெயரூபன் சொம்பைத் திருப்பிக் கொடுத்தான். "மேளக்காரர் இருந்தா நல்லாயிருந்திருக்கும். வர ஏலாதெண்டு சொல்லிட்டாராமே."

முருகலட்சுமி அவனை வெறித்துப் பார்த்தாள். "யாரு சொன்னா? நேத்து அவரு எனக்குப் போன் போட்டு வருத்தப்பட்டாரு. 'இத்தன வருசமா வந்த என்னைய வேணாம்னுட்டீகளே'ன்னு."

பேசியபடி இருவரும் பந்தலுக்குத் திரும்பினார்கள். பந்தல் மூலை காலியாக இருந்தது. இரண்டு ஆட்கள் கீபோர்டை ஸ்டாண்டோடு தூக்கிக்கொண்டுபோய், வெட்டவெளியில் நட்டுவைத்துக்கொண்டிருந்தார்கள். பக்கத்தில் ராமசுப்பிரமணியன், தோளில் பட்டுத் துண்டுடன்.

ஜெயரூபன் ஓடினான். "அண்ணே, வெயில்ல வைக்கக் கூடாதெண்டு சொன்னனே!"

"சனம் ஒன்னையப் பாக்க வேணாமா?"

"பொழுது சாயட்டும் அண்ணே, பிறகு வைப்பம்."

"படையல உச்சிக்கே மாத்தியாச்சு. சாமி உத்தரவு." ராமசுப்பிரமணியன் சிரித்தார். "ஒனக்கென்னலே? பொட்டியத் தட்டிவிடு, அது பாத்துக்கிரும்."

கறுப்புப் பெட்டியில் கை வைத்தான் ஜெயரூபன். சுட்டது. குடை கேட்டான். வரவில்லை. சுமந்து வந்த உறையை எடுத்து மூடப் போனான். அதையும் காணவில்லை.

*

காளீஸ்வரன் குளித்துவிட்டு ஈர வேட்டியோடு வந்தார். அறுபதை நெருங்கும் உடம்பு. மாலை போட்டார்கள், கையில் அரிவாளைக் கொடுத்தார்கள். கூட்டம் காத்திருந்தது.

ஜெயரூபன் தாளத்தை மிக மெதுவாகத் தொடங்கினான். ஸ்பீக்கர்களிலிருந்து உடுக்கை எழுந்தது. காளீஸ்வரனின் தோள் ஒருமுறை குலுங்கியது. கண் செருகியது. பெண்கள் குலவை போட்டார்கள்.

"வேகம்!" என்றார் ராமசுப்பிரமணியன், ஜெயரூபனின் காதருகே. அவன் காதில் வாங்காத மாதிரி இருந்தான். அவர் கை நீண்டது. கூட்டுகிற பொத்தானை அவர் விரலே அழுத்தியது, அழுத்தியபடியே நின்றது.

உடுக்கை பாய்ந்தது. காளீஸ்வரனும் பாய்ந்தார். புழுதி பறந்தது. அரிவாள் வெயிலில் மின்னி மின்னிச் சுழன்றது.

ஜெயரூபன் அந்தக் கையைத் தட்டிவிட்டுக் குறைக்கிற பொத்தானை அழுத்தினான். ஒன்றுமில்லை. நகத்தால் அழுத்தினான். ஒன்றுமில்லை. திரை முழுக்கக் கறுத்து, எண் எதுவும் தெரியவில்லை. காளீஸ்வரனின் உதடுகள் நீலம் பாரித்துக்கொண்டு வந்தன. இடது கையை நெஞ்சோடு ஒட்டி வைத்துக்கொண்டு ஆடினார். கூட்டத்துக்கு அது சாமியின் கோலம். கூட்டத்தின் ஓரத்தில் நின்ற முருகலட்சுமி மட்டும் சேலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டிருந்தாள்.

நிறுத்தினால் விழுவார். நிறுத்தாவிட்டாலும் விழுவார்.

ஜெயரூபன் வலது கையைக் கட்டைகளில் வைத்தான். ஓடுகிற தாளத்தோடு சேர்ந்து, அதே அடி, அதே வேகத்தில் கையால் அடிக்கத் தொடங்கினான். ஒன்றின்மேல் ஒன்று இம்மி பிசகாமல் உட்காரும் வரை அடித்தான். பிறகு இடது கையால் தாளத்தின் ஸ்லைடரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இழுத்தான். யந்திரத்தின் சத்தம் தேய்ந்து மறைந்தது. கேட்டதெல்லாம் இப்போது அவன் விரல்கள்தான்.

இனி அவன் பெட்டியைப் பார்க்கவில்லை. காளீஸ்வரனின் கால்களை மட்டும் பார்த்தான். இடது பாதம் தரையில் படும்போது ஒரு அடி. அடுத்ததற்கு ஒரு மயிரிழை தாமதம். பாதமும் தாமதித்தது. இன்னும் கொஞ்சம். பாதமும் இன்னும் கொஞ்சம். தொடுதலையும் லேசாக்கினான். அதட்டல் பேச்சானது, பேச்சு முணுமுணுப்பானது.

"ஏலே, வேகம் கொறையுதுடா!" ராமசுப்பிரமணியன் கூட்டுகிற பொத்தானைக் குத்தினார். யந்திரம் ஊமையாக வேகமெடுத்தது. வெளியே ஒன்றும் கேட்கவில்லை.

காளீஸ்வரன் தள்ளாடினார், நின்றார். முருகலட்சுமி ஓடிவந்து தாங்கி, வேப்பமரத்து நிழலில் உட்கார வைத்தாள். அவர் மூச்சு இழுத்தது, ஆனால் இருந்தது. அரிவாள் கையிலிருந்து நழுவிப் புழுதியில் விழுந்தது.

அதை ராமசுப்பிரமணியன் எடுத்தார்.

ஒரு அலறல். பட்டுத் துண்டு பறந்தது. "வந்துட்டேன்டா!" என்று குதித்தார். "சாமி பங்காளி மேல எறங்கிருச்சு!" என்று கூட்டம் கத்தியது. "அடி தம்பி, அடி!"

வேறு வழியில்லை. ஜெயரூபன் அடித்தான். ராமசுப்பிரமணியன் நன்றாகவே ஆடினார். வட்டமடித்தார், அரிவாளைத் தலைக்குமேல் சுழற்றினார். ஒவ்வொரு வட்டமும் வேப்பமரத்துக்குக் கொஞ்சம் பக்கத்தில் வந்து முடிந்தது.

ஜெயரூபன் அவர் கால்களைப் பார்த்துக்கொண்டே அடியை மெதுவாக்கினான்.

கால்கள் மெதுவாகவில்லை.

இன்னும் மெதுவாக்கினான். கால்கள் தம் வேகத்தில் மரத்தை நோக்கிப் போயின. அந்தக் காதுகளில் உடுக்கை விழவே இல்லை. கண்கள் செருகவில்லை. மரத்தடியில் கண் மூடிச் சாய்ந்திருந்த காளீஸ்வரனின் மேல் அவை நிலைத்திருந்தன.

ஜெயரூபன் இரண்டு கைகளையும் கட்டைகளிலிருந்து எடுத்தான்.

உடுக்கை பட்டென்று நின்றது. குலவையும் அறுந்தது. கூட்டம் ராமசுப்பிரமணியன் விழுவதற்காகக் காத்திருந்தது.

அவர் விழவில்லை. அந்த அமைதியில் அவர் கால்கள் மட்டும் திம் திம் என்று புழுதியை மிதித்துக்கொண்டு மரத்தடிக்குப் போயின.

"ஏலே ராமசுப்பு," என்றாள் கூட்டத்திலிருந்து பஞ்சம்மாள் கிழவி, "அடியே இல்லாம என்னத்துக்குடா ஆடுற?"

அப்போதுதான் அடி நின்றுபோனது அவருக்கு உறைத்தது. நின்றார். தூக்கிய அரிவாளுக்கும் காளீஸ்வரனுக்கும் நடுவில் ஒரு முழ இடம் இருந்தது. அந்த இடத்தில் முருகலட்சுமி வந்து நின்றாள்.

காளீஸ்வரன் கண்ணைத் திறந்தார். மனைவியின் சேலையை விலக்கிக்கொண்டு, உட்கார்ந்தபடியே கையை நீட்டினார்.

"குடு," என்றார்.

ராமசுப்பிரமணியன் கொடுக்கவில்லை. ஆனால் சாமி இறங்காத கையில் அரிவாள் இருப்பதை ஊரே பார்த்துக்கொண்டிருந்தது.